உயெனோ பூங்காவில் கோயில் எங்கே?

கேள்வி: டோக்கியோவில் பணிபுரியும் மகனைப் பார்க்க மார்ச் இறுதியில் செல்கிறோம். உயெனோ பூங்கா முன்பு ஒரு பெரிய கோயில் வளாகமாக இருந்தது என்று மகன் சொல்கிறான். அங்கே இன்று பார்க்க ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா? என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு.
– ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: நிறையவே மிஞ்சியிருக்கிறது. ஆனால் அது ஒரே மதிலுக்குள் இல்லாமல் பூங்கா நெடுகச் சிதறியிருப்பதால், பலரும் செர்ரி மரங்களைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

டோக்கியோ எடோ என்று வழங்கப்பட்ட காலத்தில், வடகிழக்குத் திசை வழியே தீமை நுழையும் என்ற நம்பிக்கையால், ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகுன்களின் கோட்டையைக் காக்கும்பொருட்டு 1625-இல் டென்காய் என்ற துறவி கனெய்ஜி என்னும் இந்தப் பௌத்த ஆலயத்தை நிறுவினார். டோக்குகாவா ஷோகுன்களில் அறுவர் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டனர். 1868-இல் ஆட்சி ஷோகுனிடமிருந்து பேரரசர் தரப்புக்கு மாறியபோது, ஷோகுன் பக்கம் நின்ற ஷோகிதாய் படையினர் இவ்வாலயத்தையே அரணாகக் கொண்டு போரிட்டு ஒரே நாளில் தோற்றனர். கட்டடங்களில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. அந்த நிலம்தான் 1873-இல் ஜப்பானின் முதல் பொதுப் பூங்காக்களுள் ஒன்றாயிற்று. தேசிய அருங்காட்சியகத்துக்கு எதிரே நீரூற்று இருக்கும் திடலில்தான் ஆலயத்தின் தலைமை மண்டபம் நின்றது.

ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) உயெனோ ரயில் நிலையத்தின் ‘பூங்கா வாயில்’ வழியே வெளியேறினால் படியேறாமல் உள்ளே போய்விடலாம். தெற்கு முனையில் தம் நாயுடன் நிற்கும் சைகோ தகாமோரியின் சிலை 1898-இல் நிறுவப்பட்டது. போரில் வென்ற தரப்பின் தளபதி அவர். தோற்ற ஷோகிதாய் வீரர்களின் கல்லறை அவருக்குப் பின்னாலேயே இருக்கிறது. அவசரமாகக் கடந்துவிடாமல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அருகிலுள்ள, கருணையின் வடிவான கன்னோனுக்குரிய கியோமிசு கன்னோன் மண்டபம் 1631-இல் கட்டப்பட்டு, தீக்குத் தப்பியது. ஆலயத்தின் ஐந்தடுக்குக் கோபுரமான பகோடாவோ இப்போது விலங்குக்காட்சிச்சாலையின் வேலிக்குள் நிற்கிறது.

ஒரு மேட்டின்மேல் புத்தரின் முகம் மட்டும் சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். 1923 நிலநடுக்கத்தில் தலை விழுந்தது. உடலின் உலோகத்தை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எடுத்துக்கொண்டார்கள். இனி விழ இடமில்லாத புத்தர் என்பதால் தேர்வு எழுதும் மாணவர்கள் இங்கே வந்து வேண்டுகிறார்கள். நீட், ஜே.இ.இ. என்று அலையும் தில்லிப் பெற்றோருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஷினோபாஸு குளத்தின் நடுவே உள்ள பென்டென் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே குடிகொண்டிருப்பவள் பென்ஸாய்டென், அதாவது பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்ற நம் சரஸ்வதி. பழைய மண்டபம் 1945-இல் குண்டுவீச்சில் அழிந்து, 1958-இல் மீண்டும் கட்டப்பட்டது. குளம் தாழ்வான பகுதியில் இருப்பதால், மேட்டிலிருந்து படியிறங்கும் வழியைத் தவிர்த்துச் சாலை வழியே கணவரை அழைத்துச் செல்லுங்கள்.

அருங்காட்சியகமும் விலங்குக்காட்சிச்சாலையும் பொதுவாகத் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். மார்ச் இறுதி செர்ரி பூக்கும் காலம், கூட்டம் நெரியும். வார நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது.