ரஷ்யர்களின் பெயர்கள் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கின்றன?

ரஷ்யப் பெயரில் இயற்பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர் என மூன்று பகுதிகள் உண்டு. நீளத்துக்குப் பெரிதும் காரணம் நடுவில் உள்ளதுதான். 1961இல் விண்வெளிக்குச் சென்ற யூரி அலெக்சேயெவிச் ககாரினின் தந்தை அலெக்சேய். 1963இல் சென்ற வலென்டினா விளாதிமிரொவ்னா தெரெஷ்கோவாவின் தந்தை விளாதிமிர். மகனுக்கு ‘விச்’ என்றும் மகளுக்கு ‘வ்னா’ என்றும் முடிவது பெருவழக்கு. குடும்பப் பெயர்களும் பெரும்பாலும் பாலுக்கேற்ப மாறுவதால், அண்ணன் இவானோவ் என்றால் தங்கை இவானோவா.

நம் தலைப்பெழுத்து பெரும்பாலும் எழுத்தோடு நின்றுவிடுகிறது. அங்கேயோ ஆசிரியரையும் மருத்துவரையும் மேலதிகாரியையும் இயற்பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்த்து, பன்மை முன்னிலையில் அழைப்பதே மரியாதை. ஒரு காலத்தில் ‘விச்’ என்ற முடிவு உயர்குடியினருக்கே உரிய சலுகையாக இருந்தது என்பதை நினைத்தால் அந்த மரியாதையின் கனம் விளங்கும். பேச்சில் நீளம் தானாகச் சுருங்கிவிடும்: அலெக்சாந்தர் அலெக்சாந்தரொவிச் என்பவர் பழகியவர்களுக்கு ‘சான் சானிச்’ ஆகிவிடுவார், வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் அவரே சாஷா. அலெக்சாந்த்ரா என்ற பெண்ணும் சாஷாதான் என்பதால், ரஷ்ய நாவல்களைப் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. தந்தைவழிப் பெயரின் ஈற்றைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும்.