கை தேய்க்கும் இருபது விநாடி

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கிறோம். அரசு மருத்துவமனை ஒன்றில் 14 வருடமாக நர்ஸ் வேலை. மாதத்தில் பாதி நாள் நைட் ட்யூட்டி, இரவு 7 மணியிலிருந்து காலை 7 வரை. கொஞ்ச காலமாக நோயாளி அழுதாலும் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். எங்கள் வார்டுக்கு 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கப் பழகும் வகுப்பு, வரப்போகிறது. முன்கூட்டியே பழகலாம் என்று போனில் ஒரு பயிற்சியைப் போட்டு, கண்ணை மூடி மூச்சைக் கவனித்தேன். கோவிட் சமயத்தில் என் கண்முன் மூச்சுத் திணறி இறந்த ஒருவரின் முகம் வந்துவிட்டது. நெஞ்சு படபடத்து எழுந்துவிட்டேன். மாமியார், “கோயிலுக்குப் போய் வாம்மா, சரியாகிவிடும்” என்கிறார். இந்த வகுப்பு எனக்குச் சரிப்படுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, சரிப்படும். தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூச்சுத் திணறலைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மூச்சு சாதாரணப் பொருளாக இருக்காது. அதைக் கவனித்ததும் பழைய வார்டே திரும்பி வரும். கண்ணையும் மூடிவிட்டால் வெளியே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. அதனால் இப்போதைக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். கவனம் கையிலோ பாதத்திலோ இருக்கட்டும்.

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். உங்கள் வேலையிலேயே அந்த நேரம் இருக்கிறது. ஆல்கஹால் மருந்தை ஊற்றிக் கை தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீருமாகக் கழுவ 40 முதல் 60 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒரு ஷிஃப்டில் இதை எத்தனை தடவை செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன் செய்யும் தேய்ப்பை மட்டும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து உள்ளங்கையில் விழுந்ததும் சில்லென்று இருக்கும். தேய்க்கத் தேய்க்க விரலிடுக்கில் அது ஆவியாகும். ஈரம் போய்த் தோல் இழுபடும். விரல்நுனியில் வெடிப்பு இருந்தால் சுருக்கென்று எரியும். கை காயும்வரை இதை மட்டும் உணருங்கள். நடுவில் எட்டாம் கட்டில்காரரின் ட்ரிப் ஞாபகம் வரும், வரட்டும். மறுபடி கைக்கு வாருங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி. மனம் வெறுமையாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் மூன்றாம் நாளே “எனக்கு வராது” என்று விட்டுவிடுகிறார்கள். கை காய்ந்ததும் நோயாளியின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பெயரைச் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பர்ன்அவுட் என்ற பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகம் சொன்னார்: உள்ளே எல்லாம் வற்றிப்போவது, எதிரே இருப்பவர் ஆளாகத் தெரியாமல் கட்டில் எண்ணாகத் தெரிவது, செய்த வேலையில் அர்த்தமே இல்லை என்று தோன்றுவது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. உங்களுக்கு ஈரம் வற்றிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தாங்க முடியாத அளவுக்குத் துக்கம் பார்த்த மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கதவைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். அதை அவசரமாக உடைக்கக் கூடாது.

இரண்டு வாரம் கை பழகிய பிறகு நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தில் பால்குடம் எடுத்து நடப்பவரைப் பார்த்திருப்பீர்கள். தலையில் பாரம், காலடியில் தார் ரோட்டின் சூடு. இரண்டும் தெரிந்துகொண்டே நடப்பார், பால் சிந்தாது. மருந்து ட்ராலியிலிருந்து வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் அந்த நடை போதும். குதிகால் படுவது, பாரம் முன்னே நகர்வது, விரல் எழும்புவது. வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. உங்கள் மாமியார் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, கோயிலுக்குப் போய்வாருங்கள். ஆனால் அது வாரத்துக்கு ஒருநாள், வார்டு அதிகாலை மூன்று மணிக்கும் இருக்கிறது.

வகுப்பைப் பற்றி. நீங்கள் சொல்லும் 8 வார முறைக்கு மூலம் 1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம்; நடுவில் ஒரு முழுநாள் பயிற்சி; வீட்டில் தினம் 45 நிமிடம். மாறி மாறி நைட் பார்ப்பவருக்கு இந்த 45 நிமிடம் நடக்கிற காரியமில்லை. பத்து நிமிடம் செய்தாலே நல்லது. உடலைப் பாதத்திலிருந்து தலை வரை படுத்தபடி கவனிக்கும் பயிற்சியில் நைட் முடித்து வந்தவர்கள் தூங்கிவிடுவார்கள். தூங்கினால் தூங்குங்கள், உடம்புக்கு முதலில் வேண்டியது அதுதான். பயிற்சியை விழித்திருக்கும் வேறு நேரத்துக்குத் தள்ளுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, உங்களுக்கு வந்த அந்த முகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். “கண்ணைத் திறந்து செய்யலாமா, தேவைப்பட்டால் எழுந்து போகலாமா” என்று கேளுங்கள். தடுமாறாமல் “சரி” என்று சொல்பவரிடம் போகலாம். “தாங்கிக்கொண்டு உட்காருங்கள்” என்பவரிடம் போக வேண்டாம். இதில் நாங்கள் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

பலன் எவ்வளவு? 2009-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வில் 70 மருத்துவர்கள் 8 வாரம் பயின்று, பிறகு 10 மாதம் மாதாமாதம் கூடினார்கள். அவர்களுடைய சோர்வு குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பயிலாத குழு ஒன்று அதில் இல்லை. அந்த மாதாந்தரக் கூட்டத்தைக் கவனியுங்கள்: எட்டு வாரத்தோடு விட்டுவிட்டால் பழக்கம் கரைந்துவிடும். உங்கள் வார்டில் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் பற்றாக்குறையை எந்தப் பயிற்சியும் சரிசெய்யாது. பன்னிரண்டு மணி நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத வார்டில் மூச்சைக் கவனிக்கச் சொல்வது அநியாயம். தென்னாப்பிரிக்காவின் 1997 வேலை நிபந்தனைச் சட்டப்படி குறிப்பிட்ட சம்பள வரம்புக்குள் இருப்பவர் தொடர்ந்து ஐந்து மணி நேரம் உழைத்தால் அவருக்கு ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை உண்டு. எழுத்து உடன்பாட்டின்பேரில் அதை அரை மணியாகக் குறைக்கலாம். அது கிடைக்காத நாட்களைத் தேதியோடு குறித்துவைத்து மேட்ரனிடம் காட்டுங்கள். வகுப்பு நேரத்தையும் ட்யூட்டி நேரமாகக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். லீவு நாளில் வரச் சொன்னால் உங்கள் ஓய்வையே பறித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. லீவு எடுத்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, அந்த முகம் கனவிலும் வந்தாலோ, வகுப்புக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றே 0800 567 567 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் இலவச எண் அது.

கடைசியாகப் பிள்ளைகள். நைட் முடிந்து வண்டி ஓட்டும்போது எந்தப் பயிற்சியும் வேண்டாம், அந்த நேரம் கண் சொருகும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின் இரண்டு நிமிடம் இறங்காதீர்கள். முதுகு சீட்டில் அழுந்துவதையும் பாதம் தரையில் இருப்பதையும் உணருங்கள். உள்ளே போனதும், “அம்மா குளித்துவிட்டு வருகிறேன், அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு முதலில் யூனிஃபார்மை மாற்றுங்கள். திரும்பி வந்ததும், சொன்னபடி பிள்ளைகள் பக்கத்தில் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டுப் படுக்கப் போங்கள்.