ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: இருக்கிற ஃபைல்கள் போகாமல் டூயல் பூட் செய்ய முடியுமா?

முடியும். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் போட வேண்டும், இருக்கிற ஃபைல் ஒன்றுகூடப் போகக் கூடாது என்கிறீர்கள். நியாயமான ஆசைதான். "டூயல் பூட் பண்ணினா லேப்டாப் கெட்டுப்போயிடும்" என்று நண்பர் பயமுறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதே வசனத்தைச் சொந்த வீட்டிலேயே கேட்டு வயிறெரிந்தவன் நான்.

உங்களிடம் இருப்பது ஒரே லேப்டாப், உள்ளே ஒரே எஸ்எஸ்டி, வாங்கும்போதே விண்டோஸ் 11 இருந்தது, படிப்போ வேலையோ மொத்தமும் அதற்குள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு டிஸ்க் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். விண்டோஸ் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றில் லினக்ஸ் போடுங்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

உங்கள் நண்பரின் பயம் ஒரு காலத்தில் உண்மைதான். பயாஸ் என்ற பழைய தொடக்க நிரல் உள்ள கணினிகளில், டிஸ்கின் முதல் 512 பைட்டில்தான் பூட் ஆவதற்கான முதல் நிரல் இருக்கும். இடம் ஒன்று, போட்டி இருவருக்கு. லினக்ஸ் வந்தால் விண்டோஸுடையதைத் தூக்கிவிட்டு லினக்ஸின் பூட் நிரலான கிரப் உட்காரும். மறுபடி விண்டோஸ் போட்டால் அது கிரப்பைத் தூக்கிவிடும். பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்துவிட்ட இப்போதைய கணினிகளில் அந்தச் சண்டை இல்லை. ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சின்ன ஃபேட்32 பகுதி இருக்கும். விண்டோஸ் தானாக உருவாக்கியிருந்தால் பெரும்பாலும் 100 எம்பி. அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு (லினக்ஸில் ஒரு வகை) ஒரு ஃபோல்டர். அவரவர் பூட் ஃபைல் அவரவர் இடத்தில். லினக்ஸ் போடும்போது அந்தப் பகுதியை ஃபார்மட் செய்யச் சொல்லி டிக் போடாமல் இருந்தால் ஒன்றை மற்றது தொடாது. (பாப் ஓஎஸ் மாதிரி சில லினக்ஸ் வகைகள் கர்னல் என்ற மையப் பகுதியையே அங்கே கொண்டுபோய் வைக்கும், அவற்றுக்கு 100 எம்பி போதாது. முதல் முறை என்றால் உபுண்டு, மின்ட், ஃபெடோரா இவற்றில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

இன்றைக்கு மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டுவது, விண்டோஸ் நம்மைக் கேட்காமலே செய்து வைத்திருக்கும் காரியங்களில். என் தங்கை லேப்டாப் கதையைச் சொன்னால் புரியும்.

தங்கைக்குக் கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் வேண்டும். புதிதாகச் சேர்ந்த படிப்புக்கு லினக்ஸ் வேண்டும். மாப்பிள்ளைக்கு இதில் இஷ்டமே இல்லை. "மச்சான், ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்கு நோண்டணும்?" என்றார். நான் பென் டிரைவை வெளியே எடுக்கும் முன் ஒரே கேள்விதான் கேட்டேன்: "மாப்பிள்ளை, பிட்லாக்கர் ரெக்கவரி கீ எங்கே வச்சிருக்கீங்க?"

"அப்படி ஒரு பூட்டு நாங்க போடவே இல்லையே" என்றார்.

செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்க் காட்டினேன். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர்தான் அது, ஆன் ஆகி இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு முதல்முறை லேப்டாப்பைத் திறக்கும்போதே இது பல கணினிகளில் தானாக ஆன் ஆகிவிடும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் நிறைய கணினிகளில். தரவைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் பொறுப்பில் இருக்கும். செக்யூர் பூட்டை (நம்பகமான நிரலை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு அது) மாற்றினாலோ, பூட் ஆகும் விதத்தில் வேறு ஏதாவது மாறினாலோ டிபிஎம் சந்தேகப்பட்டுச் சாவியைத் தர மறுத்துவிடும். அப்போது நீலத்திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது கையில் இல்லை, மாற்றியதைப் பழையபடி வைத்தும் திறக்கவில்லை என்றால் உங்கள் ஃபைல்களை யாராலும் மீட்க முடியாது. "லினக்ஸ் போட்டேன், எல்லாம் போச்சு" என்று புலம்புகிறவர்களிடம் விசாரித்தால் பலருக்கும் நடந்தது இதுதான். டிஸ்கில் எல்லாம் அப்படியே இருந்திருக்கும், சாவிதான் இருந்திருக்காது.

சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். யார் கணக்கில் என்பதுதான் கேள்வி. லேப்டாப் வாங்கிய அன்று அவசரத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் மெயிலைப் போட்டுத் திறந்திருக்கிறார்கள்! அவருக்குப் போன் போட்டு, அவர் பாஸ்வேர்டை மறந்து, புது பாஸ்வேர்டு எடுத்து, ஓடிபி வந்து, அந்தச் சாயங்காலம் முழுக்க இதற்கே போனது. கடைசியில் எண் கிடைத்தது. "போட்டோ எடுத்து டெஸ்க்டாப்பில் வச்சுக்கறேண்ணா" என்றாள் தங்கை. எந்த டெஸ்க்டாப்பில் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, காகிதத்தில் எழுதிச் சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. முக்கியமான எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி, சில ஃபைல்களைத் திறந்தே பார்த்தேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்வதில்லை. கிளவுடில் சிங்க் ஆகிறதே என்பீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழிவதுதான் சிங்க். விண்டோஸ் பகுதியைச் சுருக்கி இடம் எடுப்பதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்தேன். பாதி இடம் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று அது சொன்னால் பதற வேண்டாம். நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஹைபர்நேஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்தால் இன்னொரு வேடிக்கை. டிஸ்க் பட்டியலில் பென் டிரைவ் மட்டும்தான் இருக்கிறது, எஸ்எஸ்டியையே காணோம். சில இன்டெல் லேப்டாப்கள் டிஸ்கைக் கையாள ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையோடு வரும். லினக்ஸ் இன்ஸ்டாலருக்குப் பல சமயம் அது கண்ணில் படாது. ஃபர்ம்வேரில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றச் சொல்லி எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை போட்டு நின்றுவிடும். பிட்லாக்கரை நிறுத்திவைத்து, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட் டிக் செய்து, பிறகு ஃபர்ம்வேரில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறினால் விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்கட்டும்.

மீதி சுலபம். இன்ஸ்டாலரில் "முழு டிஸ்கையும் அழி" என்பதைத் தொடாமல், நாமே பார்ட்டிஷன் தேர்ந்தெடுக்கும் வழியில் போய், காலி இடத்தில் மட்டும் லினக்ஸ். "விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு" என்று தானியங்கி வழியும் உண்டு, அதுவும் வேலை செய்யும், தெரியும். எங்கே எது போகிறது என்று கண்ணால் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சில மாதம் கழித்துக் கீபோர்டில் ஒரு வரிசை வேலை செய்யவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனது. எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அங்கே போர்டையும் சேர்த்து மாற்றினார்கள். மறுநாள் மாப்பிள்ளையிடமிருந்து போன்: "மச்சான், லினக்ஸ் போட்டதாலதான் விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சாம். ஃபார்மட் பண்ணணும்னு கையெழுத்து கேக்கிறாங்க." குரலில் 'நான் அப்பவே சொன்னேனே' இருந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க, திரையை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன். வந்தது. கரப்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரெக்கவரி கீ கேட்டுப் பொறுமையாக நின்றுகொண்டிருக்கிறது. போர்டு மாறினால் டிபிஎம்மும் மாறும், சாவி கேட்காமல் என்ன செய்யும்? லினக்ஸே கண்ணில் பார்க்காத லேப்டாப்பிலும் இதேதான் நடக்கும். திரையில் கீ ஐடி என்று எட்டு எழுத்து தெரியும். காகிதத்தில் இருந்ததோடு ஒத்துப்போனது. தங்கை போனில் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க, அங்கே மாப்பிள்ளை அடித்தார். ஒவ்வொரு ஆறிலக்கத் தொகுதியும் 11-ஆல் வகுபடும்படி அமைத்திருப்பதால், ஓர் இலக்கம் தப்பாக விழுந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கடைசித் தொகுதி முடிந்ததும் விண்டோஸ் பழையபடி திறந்தது. வால்பேப்பர்கூட மாறவில்லை.

லினக்ஸ் மட்டும் பூட் பட்டியலில் இல்லை. அதுவும் கெட்டுப்போகவில்லை. எந்தெந்த ஓஎஸ் இருக்கிறது என்ற பட்டியல் போர்டின் நினைவகத்தில் இருக்கும். பழைய போர்டோடு அது போய்விட்டது. ஈஎஃப்ஐ பகுதியில் உபுண்டு ஃபோல்டர் பத்திரமாக இருந்தது. ஃபர்ம்வேரில் "பூட் ஆப்ஷன் சேர்" என்று அந்த ஃபோல்டரில் உள்ள ஷிம் என்ற பூட் ஃபைலைக் காட்டினேன், வந்துவிட்டது. மாப்பிள்ளை இன்றுவரை "அவங்க ஏதோ சரி பண்ணிட்டாங்க" என்றுதான் சொல்கிறார்.

அந்தக் கீபோர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். முன்பெல்லாம் நாலு திருகு கழற்றினால் கீபோர்டு தனியாக வந்துவிடும். இப்போது மெலிசாக இருக்க வேண்டுமென்று மேல்மூடியோடு சேர்த்து ரிவெட் அடித்துவிடுகிறார்கள். ஒரு பட்டன் போனால் முழு மூடியையும் மாற்று என்கிறார்கள். ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பழுதுபார்க்க வந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை; இப்படி வடிவமைத்தவர்கள் மேல்தான். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாமா? சரி, விடுங்கள்.

"டபிள்யூஎஸ்எல் இருக்கும்போது டூயல் பூட் எதற்கு?" என்று யாராவது இங்கே வருவார்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி அது, தெரியும் சார். 2016-இலிருந்து இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். கட்டளை வரி மட்டும் போதுமென்றால் அதுவே போதும், டிஸ்கைத் தொட வேண்டியதே இல்லை. கேட்டவர் முழு லினக்ஸ் வேண்டும் என்கிறார், அதற்குத்தான் இந்தப் பதில். "நான் இது எதுவும் பார்க்காமல் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களுக்கு வாழ்த்துகள்.

இன்னும் சில. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைக் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் போய் நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இது இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதினால் ஃபைல்கள் சிதையலாம். அதனால்தான் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும். கட்டாயப்படுத்தி எழுத வைக்காதீர்கள்.

கடிகாரம் தப்பாகக் காட்டும். விண்டோஸ் போர்டின் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். லினக்ஸில் ஒரு கட்டளையில் சரிசெய்துவிடலாம், கோளாறு அல்ல.

செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். மேலே சொன்ன உபுண்டு, மின்ட், ஃபெடோரா மூன்றும் அது ஆன் ஆக இருக்கும்போதே பூட் ஆகும். இன்ஸ்டாலர் கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களுக்காக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால், அடுத்த பூட்டில் எம்ஓகே என்று ஒரு நீலத்திரை வந்து அதைக் கேட்கும். அங்கே 'கன்டினியூ பூட்' என்று தட்டிவிட்டு வந்து வைஃபை வரவில்லை என்பவர்கள் ஏராளம். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல டூயல் பூட் கணினிகளில் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று சொல்லி லினக்ஸ் ஏறாமல் நின்றது. பழைய ஷிம்களைத் தடுக்கப் போய் வந்த வினை அது. அப்போதும் யார் ஃபைலும் அழியவில்லை. ஆனால் சரிசெய்ய செக்யூர் பூட்டைக் கொஞ்ச நேரம் அணைக்க வேண்டியிருந்தது. அணைத்தால் 48 இலக்கம் கேட்கும்!

லினக்ஸ் போட்ட பிறகு கிரப் பட்டியலில் விண்டோஸ் தெரியவில்லை என்றால் அது காணாமல் போகவில்லை. 2021-இல் வந்த கிரப் 2.06-இலிருந்து, மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கும். கிரப் அமைப்பு ஃபைலில் அதைத் திறந்துவிட்டு அப்டேட் செய்யுங்கள்.

நாளைக்கு லினக்ஸ் பிடிக்கவில்லை, எடுக்க வேண்டும் என்றால் நேராகப் போய் பார்ட்டிஷனை அழிக்காதீர்கள். அடுத்த பூட்டில் கிரப்பின் கறுப்புத் திரைதான் வரும். முதலில் ஃபர்ம்வேரில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, அது ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பகுதியை மட்டும் அழியுங்கள். ஈஎஃப்ஐ பகுதியையும் ரெக்கவரி பகுதியையும் தொட வேண்டாம். உபுண்டு ஃபோல்டர் ஒன்று ஈஎஃப்ஐ-யில் மிச்சம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், சில எம்பிதான்.