மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டம்

அன்புள்ள ஐயா,

கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சி 1989இல் ஆட்டம் கண்டது பற்றிய கட்டுரையில் தெருவில் இறங்கிய மக்களை ரொம்பவே உயர்த்திவிட்டீர்கள். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் படையை அனுப்பவில்லை, ஆட்சி விழுந்தது. அவ்வளவுதான். அவர் மட்டும் இல்லையென்றால் எத்தனை பேர் கூடினாலும் சுட்டுத் தள்ளியிருப்பார்கள். அதே ஆண்டு பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கப் போராட்டத்தில் நடந்தது அதுதானே?

க.

அன்புள்ள க.,

கோர்பச்சேவின் பங்கை நான் மறுக்கவில்லை. அங்கிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் படையினர் முகாமுக்குள்ளேயே இருந்தார்கள். ஆனால் மக்களைச் சுட மாஸ்கோவின் துப்பாக்கி எதற்கு? அந்த அரசிடம் சொந்தப் போலீஸ், ராணுவம், ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸ் என எல்லாமே இருந்ததே.

1989 அக்டோபர் 9, திங்கட்கிழமை. லைப்சிக் நகரம். பெய்ஜிங்கில் ரத்தம் சிந்தி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் சீன அரசை ஆதரித்துத் தீர்மானமே போட்டிருந்தது. இரண்டு நாள் முன்பு அதே லைப்சிக்கில் போராட்டத்தில் பிடிபட்டவர்களைக் குதிரை லாயத்தில் அடைத்து வைத்தார்கள். மருத்துவமனைகளில் கூடுதல் ரத்தம் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இத்தனையும் தெரிந்துதான் ஆட்சிக்கு எதிரான ஊர்வலத்துக்குச் சுமார் 70,000 பேர் வந்தார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, திரும்பி வருவோமா என்ற பயத்தோடு வந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

அந்தத் திங்கட்கிழமை ஊர்வலங்கள் புறப்பட்ட நிகோலாய் தேவாலயத்தின் பாதிரியார் கிறிஸ்டியான் ஃப்யூரர் பின்னாளில் அடிக்கடி சொன்ன ஒன்று என் மனதைவிட்டு அகலவே இல்லை. மெழுகுவர்த்தி ஏந்த இரண்டு கையும் வேண்டும். ஒரு கை பிடிக்க, இன்னொரு கை காற்றில் சுடர் அணையாமல் மறைக்க. அப்புறம் கல்லை எடுக்கக் கை ஏது?

சுமார் 8,000 பேர் கொண்ட படை காத்து நின்றது. உள்ளூர்க் கட்சித் தலைமை பெர்லினுக்கு போன் போட்டது. திரும்ப அழைக்கிறேன் என்றார் அங்கிருந்த கட்சி மேல்மட்டத் தலைவர் ஏகோன் கிரென்ஸ். அந்த அழைப்பு வருவதற்குள், தலையிட வேண்டாம் என்று லைப்சிக்கிலேயே முடிவெடுத்துவிட்டார்கள். ஊர்வலம் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டது. நாலைந்தாயிரம் பேர் மட்டும் வந்திருந்தால் அடித்து விரட்டியிருப்பார்கள் என்பதுதான் என் எண்ணம்.

பெய்ஜிங்கிலும் மக்கள் லட்சக்கணக்கில் கூடினார்கள், ஆனாலும் ராணுவம் சுட்டுக் கொன்றது. கூட்டம் சேர்ந்தாலே வென்றுவிடலாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் இன்று நமக்குத் தெரிகிற முடிவு அன்று சாயங்காலம் வீட்டுப்படி இறங்கிய யாருக்கும் தெரியாது. அவர்கள் கண்முன் இருந்தது பெய்ஜிங்தான்.

அடுத்த திங்கட்கிழமை லைப்சிக் தெருக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அதற்கு இரண்டாம் நாள் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கர் பதவி விலகினார்.