லிங்கனின் தாய்வழிப் பாட்டனார் யார்? வம்சாவளி தேடும் வாசகருக்குப் பதில்

கேள்வி: சிறுவர்களுக்காக ஆப்ரகாம் லிங்கனின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதி வருகிறேன். நூலின் தொடக்கத்தில் அவருடைய வம்சாவளியை ஒரு பக்கப் படமாகத் தர விரும்புகிறேன். இணையத்தில் தேடினால் தந்தைவழி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் அவருடைய தாயார் நான்சி ஹாங்க்ஸின் பெற்றோர் யார் என்பதில் மட்டும் மூன்று தளங்கள் மூன்று விதமாகச் சொல்கின்றன. எதை நம்புவது? அமெரிக்காவுக்குப் போகாமல் இங்கிருந்தபடியே சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். லிங்கன் குடும்பம் தொடர்பான முக்கிய ஆவணங்களில் பெரும்பகுதி படமாகவோ அச்சாகவோ பொதுப் பார்வைக்குக் கிடைக்கிறது. ஆனால் தேடத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நிலம் வாங்குபவர் கடைசிக் கிரயப் பத்திரத்தை முதலில் கையில் எடுத்து, அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போவார். இடையில் ஒரு பத்திரம் இல்லாவிட்டாலும் வில்லங்கம் என்று நிறுத்திவிடுவார். வம்சாவளித் தேடலும் அப்படித்தான். இன்னார் இன்னாருடைய மகன் என்பதற்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் ஆவணம் வேண்டும். எங்கோ இங்கிலாந்தில் கிடைத்த ஒரு பெரிய மனிதரின் பெயரிலிருந்து கீழ்நோக்கி வந்து லிங்கனைத் தொட முயலும் மரங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

முதல் ஆவணம் லிங்கனே எழுதியது. 1848 மார்ச் மாதம், அவர் இல்லினாய் மாநிலத்தின் சார்பில் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்தபோது, மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன் என்பவர் அவருடைய பூர்விகத்தைக் கேட்டு எழுதினார். அதற்கு அனுப்பிய பதிலில், தம் தந்தை தாமஸ் என்றும், பாட்டனார் பெயரும் தம் பெயரைப் போலவே ஆப்ரகாம் என்றும், அந்தப் பாட்டனார் ஏறத்தாழ 1782இல் வர்ஜீனியாவின் ராக்கிங்கம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது உள்ளூர் நிர்வாகப் பிரிவு) கென்டக்கிக்குப் போய் இரண்டு ஆண்டுகளில் செவ்விந்தியர்களால் கொல்லப்பட்டார் என்றும் லிங்கன் குறிப்பிட்டார். கொள்ளுப்பாட்டனார் பென்சில்வேனியாவிலிருந்து வந்த, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது குடும்பத்தில் வழங்கும் தெளிவற்ற செவிவழிச் செய்தி என்றார். அதற்கு மேல் தமக்கு எதுவும் தெரியாது என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு அவர் சேர்த்த ஒரு வரிதான் ஆய்வாளர்களுக்கு விலைமதிப்பற்றதாக அமைந்தது: ஆப்ரகாம், மார்டிகாய் என்ற பெயர்கள் எங்கள் குடும்பத்தில் அடிக்கடி வரும், நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்குப் பகுதி) லிங்கன்களிடம் மிகுதியாக உள்ள லீவை என்ற பெயரை எங்களிடம் நான் கண்டதில்லை. பாட்டனார் பெயரைத் தாங்குபவனைப் பேரன் என்று அழைக்கும் மொழிக்காரர்களுக்கு, இந்தக் குறிப்பின் பொருளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தக் கடிதத்தையே சரிபார்க்க வேண்டும். சொன்னவர் லிங்கன் என்பதால் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது; பாட்டனார் இறந்தபோது லிங்கனின் தந்தை தாமஸே சிறு பையன். கடிதத்தின் கணக்குப்படி கொலை நடந்தது 1784. ஆனால் 1785 மே மாதத்து நில அளவைப் பதிவொன்று, கென்டக்கியில் அந்தப் பாட்டனாருக்காக 400 ஏக்கர் அளக்கப்பட்டதைக் காட்டுகிறது. இறப்பு 1786 என்றே இன்று ஆய்வாளர்கள் கொள்கின்றனர். அந்த நிலத்துக்கான முந்தைய ஆணையில் அவர் பெயர் ‘லிங்க்ஹார்ன்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதிய காலம் அது. ஆகவே சரியான எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுபவர்கள் பாதி ஆவணங்களைத் தவறவிடுவார்கள்.

இந்த இறப்பு ஆண்டு ஏன் முக்கியம் என்றால், கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி; உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற பழைய சட்டம் 1787 ஜனவரியில்தான் அங்கே முடிவுக்கு வந்தது. பாட்டனார் அதற்கு முன்பே இறந்ததால் நிலம் மூத்தவர் மார்டிகாய்க்குப் போயிற்று. இளையவர் தாமஸ் கையில் எதுவுமின்றிக் கூலி வேலை தேடி அலைந்தார். லிங்கன் வறுமையில் பிறந்தார் என்று எல்லாச் சிறுவர் நூல்களும் சொல்கின்றன. அந்த வறுமைக்கு ஒரு சட்டமும் ஒரு தேதியும் காரணமாக இருந்ததையும் உங்கள் நூலில் எழுத வேண்டுமென்று விரும்புகிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பலர் முதலில் நாடுவார்கள். லிங்கன் குடும்பத்துக்கு அது அவ்வளவாக உதவாது. அமெரிக்காவில் 1790 முதல் கணக்கெடுப்பு நடந்தாலும் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவாயிற்று. அடிமைகள் தவிர்த்த அனைவரின் பெயரும் எழுதப்பட்டது 1850இல்தான். தலைவருக்கு அவர் என்ன உறவு என்ற பத்தி 1880இல்தான் சேர்ந்தது. பிற்கால அரசியல் தலைவர்களைத் தேடுவோருக்கு இது நல்ல வாயில்: 72 ஆண்டுகள் கடந்த பிறகே பதிவுகள் திறக்கப்படும் என்பதால், 2022இல் வெளியான 1950ஆம் ஆண்டுப் பதிவு வரை பார்க்கலாம். 1890ஆம் ஆண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி தீ விபத்தால் அழிந்துபோயின.

அடுத்துச் சொல்லப்போவதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் உயில், பத்திரம், திருமணம் ஆகியவை கவுண்டி நீதிமன்றத்தில் பதிவாயின. கவுண்டிகளோ மக்கள் பெருகப் பெருகப் பிரிந்துகொண்டே இருந்தன. லிங்கன் 1809இல் பிறந்த இடம் அன்று ஹார்டின் கவுண்டி. 1843இல் அது பிரிந்து இன்று லாரூ கவுண்டியில் இருக்கிறது. இதைவிடப் பெரிய பாடம் அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு. அவர்கள் வாழ்ந்தது ஹார்டின் கவுண்டி என்பதால் அங்கேயே தேடினார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காததையே சான்றாக்கி, அவர்களுக்கு முறையான திருமணமே நடக்கவில்லை என்று லிங்கனின் எதிரிகள் பேசினார்கள். ஆனால் திருமணம் நடந்ததோ மணமகள் அப்போது தங்கியிருந்த வாஷிங்டன் கவுண்டியில். அதன் தலைமையிடமான ஸ்பிரிங்ஃபீல்டின் நீதிமன்றக் கட்டுகளில் அந்தப் பதிவு 1878இல் கண்டெடுக்கப்பட்டது. அப்போது லிங்கன் இறந்து 13 ஆண்டுகள் கடந்திருந்தன. (லிங்கன் வழக்கறிஞராக வாழ்ந்த இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) கட்டில் இருந்தவை இரண்டு. ஒன்று, 1806 ஜூன் 10ஆம் தேதியிட்ட, திருமணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று 50 பவுண்டுப் பிணையுடன் உறுதியளிக்கும் பத்திரம். அதில் தாமஸ் லிங்கனும் ரிச்சர்ட் பெர்ரி என்பவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மற்றொன்று, ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் தாம் நடத்திவைத்த திருமணங்களை வரிசையாக எழுதி ஒப்படைத்த பட்டியல். அதில் ஜூன் 12ஆம் தேதிக்கு நேரே தாமஸ் லிங்கன், நான்சி ஹாங்க்ஸ் என்ற பெயர்கள் உள்ளன. ஒரு தாயின் மீது சுமத்தப்பட்ட பழியை நீக்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

தந்தைவழி பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பாட்டனார் ஆப்ரகாமின் தந்தை ஜான், பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டிப் பகுதியிலிருந்து வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தவர். ஜானின் தந்தை மார்டிகாய் 1736இல் இறந்தபோது நியூ ஜெர்சியில் இருந்த நிலத்தில் ஜானுக்குப் பங்கு எழுதிவைத்தார். பென்சில்வேனியாக்காரர் ஒருவரின் உயிலில் நியூ ஜெர்சி நிலம் வருவதே அவர் எந்த வழியாக வந்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அவருடைய தந்தையின் பெயரும் மார்டிகாய். அவருக்கு முந்தையவர் சாமுவேல் லிங்கன், 1637இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலுள்ள ஹிங்கமிலிருந்து வந்து மாசசூசெட்ஸின் ஹிங்கமில் குடியேறியவர். ஆக 1848இல் கேள்வி கேட்டு எழுதிய ஊரும் லிங்கனின் பூர்விக ஊரும் ஒன்றேதான். லிங்கன் அதை அறியாமலேயே இறந்தார். 1859இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், நியூ இங்கிலாந்து குடும்பத்தோடு உறவு காண முயன்றதில் பெயர் ஒற்றுமைக்கு மேல் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதி அவர் நிறுத்திக்கொண்டார். சான்று முடிந்த இடத்தில் அவர் நின்ற அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்போது தாய்வழி. நான்சி 1818இல் இறந்தபோது லிங்கனுக்கு வயது ஒன்பது. தாயிடமிருந்து கேட்டறிய வேண்டிய வயதில் தாய் இல்லை. நீங்கள் பார்த்த மூன்று மரங்களும் பெரும்பாலும் பின்வரும் மூன்று கருத்துகளின் வழிவந்தவை.

முதலாவது, நான்சி ஜோசப் ஹாங்க்ஸின் மகள் என்பது. ஜோசப் கென்டக்கியின் நெல்சன் கவுண்டியில் 1793 ஜனவரியில் எழுதிய உயிலில் மகன்களுக்கு ஆளுக்கொரு குதிரையையும் மகள்களுக்கு ஆளுக்கொரு கிடாரியையும், அவற்றின் பெயர்களையும் சொல்லிக் கொடுக்கிறார். நான்சி என்ற மகளுக்குக் கிடைத்த கிடாரியின் பெயர் பைடி. 1899இல் வெளிவந்த ஒரு நூல், இந்த நான்சிதான் லிங்கனின் தாய் என்று அறிவித்தது. பலர் அதை நம்பிப் படியெடுத்தனர். ஆனால் உயிலில் உள்ள நான்சி பின்னாளில் லீவை ஹால் என்பவரை மணந்தவர், லிங்கனோடு இண்டியானாவில் வாழ்ந்த டென்னிஸ் ஹாங்க்ஸின் தாய். ஒரே குடும்பத்தில் ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய, உயிலோடு நிறுத்தாமல் அவரவர் பிற்கால வாழ்க்கையையும் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். அந்த நூல் அதைச் செய்யவில்லை.

மற்ற இரண்டு கருத்துகளும் நான்சியின் தாய் லூசி என்பதில் ஒன்றுபடுகின்றன. அந்த லூசி யார் என்பதில்தான் வேறுபடுகின்றன. 1790 ஏப்ரலில், ஹென்றி ஸ்பாரோவை மணக்கச் சம்மதம் என்று லூசி ஹாங்க்ஸ் தம் கைப்பட எழுதித் தந்த சீட்டு இருக்கிறது. அவர் ஜோசப் ஹாங்க்ஸின் மகளா, அல்லது ஷிப்லி குடும்பத்தில் பிறந்து ஜேம்ஸ் ஹாங்க்ஸை மணந்து கணவனை இழந்த மருமகளா? மகளாக இருந்தாலும் மருமகளாக இருந்தாலும் கையெழுத்து லூசி ஹாங்க்ஸ்தான். ஜோசப்பின் உயிலில் லூசியின் பெயர் இல்லை என்பதும், நான்சிக்கு அடைக்கலம் தந்த பெர்ரி குடும்பத்தில் ஷிப்லி வீட்டுப் பெண் ஒருவர் வாழ்க்கைப்பட்டிருந்தார் என்பதும் மருமகள் என்ற கட்சிக்கு வலுச் சேர்த்தன. மகள் என்ற கட்சிக்கு இருந்த முதன்மைச் சான்று, லிங்கனின் வழக்கறிஞர்த் தொழிலில் கூட்டாளியாக இருந்த வில்லியம் ஹெர்ன்டன் சொன்னது: ஏறத்தாழ 1850இல் இருவரும் குதிரை வண்டியில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், தம் தாய் நான்சி, லூசி ஹாங்க்ஸுக்கும் வர்ஜீனியாவின் வசதியான நிலக்கிழார் ஒருவருக்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று லிங்கன் கூறினார் என்பது.

இந்த வழக்கைத் தாள்களால் தீர்க்க முடியவில்லை. மைட்டோகாண்ட்ரியா என்ற உயிரணுவின் உட்பகுதியில் உள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும். மகன்கள் அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதில்லை. ஆகவே லிங்கனின் சந்ததியே இருந்தாலும் பயன்பட்டிருக்காது. லூசியின் மற்ற மகள்கள் வழியாகவும் ஜோசப்பின் மகள்களான ஹாங்க்ஸ் சகோதரிகள் வழியாகவும் ஷிப்லி பெண்கள் வழியாகவும் தாய்க்குத் தாயாக இன்றுவரை இறங்கிவந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, லூசியின் வழியும் ஹாங்க்ஸ் சகோதரிகளின் வழியும் எக்ஸ்1சி என்ற அரிய டி.என்.ஏ. பிரிவில் பொருந்தின. ஷிப்லி வழி பொருந்தவில்லை. லூசி ஹாங்க்ஸ் வீட்டு மகள்தான். அந்த வர்ஜீனிய நிலக்கிழார் யார் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அவர் பெயரைச் சொல்லும் ஆவணமும் கிடையாது.

இங்கிருந்தே பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. லிங்கனின் எழுத்துகள் முழுத் தொகுப்பாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்தில் இலவசமாக உள்ளன. 1848, 1859 குறிப்புகளை அங்கே மூலச் சொற்களிலேயே படித்துவிடுங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் லிங்கனின் தாள்களைப் படங்களாக வைத்திருக்கிறது. கவுண்டி ஆவணங்களுக்கு, சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபேமிலிசர்ச் தளத்தில் கட்டணமில்லாக் கணக்குத் தொடங்கினால் போதும். கையெழுத்துப் படிகளின் உள்ளேயே சொல்லைத் தேடும் வசதியும் இப்போது அங்கே வந்துவிட்டது. ஆனால் அதே தளத்தில் உள்ள பொது மரத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் செய்யலாம். அங்கே ஒரு பெயரைப் பார்த்தால் அதன் கீழே இணைத்திருப்பது உயிலின் படமா, இன்னொருவரின் மரமா என்று பாருங்கள். மரத்துக்கு மரமே சான்று என்றால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

உங்கள் படத்தில் தந்தைவழியைச் சாமுவேல் வரை தடித்த கோட்டில் வரையுங்கள். தாய்வழியில் நான்சிக்கு மேலே லூசி ஹாங்க்ஸ், அவருக்கு மேலே ஜோசப் ஹாங்க்ஸ், அவர் மனைவி ஆன் என்று எழுதுங்கள். லூசிக்குப் பக்கத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘பெயர் தெரியவில்லை’ என்று மட்டும் போடுங்கள். அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டால், குதிரை வண்டியில் நடந்த அந்த உரையாடலை வயதுக்குத் தக்கபடி நூலின் உள்ளே ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்.