வாளியில் நல்ல தண்ணீர் இருக்க, தேனீ ஏன் மூத்திரக் குழிக்குப் போகிறது?

மார்த்தாண்டம் பக்கம் பல வருடமாகத் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். வந்த கேள்விகளில் தண்ணீர், தீனி பற்றியவற்றுக்கு மட்டும் இப்போது பதில்.

கேள்வி: அண்ணா, பெட்டிக்குப் பக்கத்திலேயே வாளி நிறைய குடிதண்ணீர் வைக்கிறேன். ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாம் மாட்டுத் தொழுவத்தில் மொய்க்கிறது. ஏதும் நோயா?

நோய் இல்லை, உப்புத் தேட்டம். பூவின் தேனில் சர்க்கரை தாராளம், சோடியம் சொற்பம். தொழுவத்துக் குழியிலோ அது கொட்டிக் கிடக்கிறது, வாசனையும் வழிகாட்டுகிறது. சுத்தத் தண்ணீருக்கு ஏது வாசனை? தேனீக்குக் காலிலேயே சுவை உணர்வு உண்டு. மிதித்த உடனே உப்பு தெரிந்துவிடும்.

காலுக்குப் பிடிமானமும் வேண்டும். எங்கள் வீட்டுத் துவைகல் பக்கத்தில் தொட்டி நிரம்பித்தான் நிற்கும். அதை விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீர் வழிந்த கல்லோரப் பாசியில் வரிசையாக உட்கார்ந்து, வயிறு ஏறி இறங்க உறிஞ்சிக்கொண்டிருக்கும். வாளியில் இறங்கினால் முழுகிச் சாகும், அதனால் உங்கள் வாளியைக் குறை சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போகிறது. சண்டை வருகிறது. எப்படித் திருப்புவது?

ஒரு இடம் பழகிவிட்டால் திருப்புவது பெரும்பாடு. வெயில் ஏறுமுன்பே அகல மண்சட்டியில் கூழாங்கல்லோ தேங்காய்த் தொண்டோ போட்டுத் தண்ணீர் வையுங்கள். லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்பு. முக்கியமாக, ஒருநாளும் காயவிடாதீர்கள். காய்ந்த அன்றே பழைய கொடிக்குப் போய்விடும்.

கேள்வி: சித்திரையில் மட்டும் ஏன் இத்தனை தண்ணீர் சுமக்கிறது?

புழு வளரும் அடை சுமார் 35 டிகிரியில் இருக்க வேண்டும். தண்ணீரை அடைமேல் மெல்லிசாகப் பூசி, சிறகால் விசிறிக் குளிர வைக்கும். பெட்டியை நிழலுக்கு மாற்றுங்கள், பாதி அலைச்சல் குறையும்.

கேள்வி: டீக்கடைக் குப்பையில் தேனீ செத்துக் கிடக்கிறதே?

காகிதக் கப்பின் அடியில் தங்கும் சர்க்கரைதான் எமன். தமிழ்நாட்டில் 5 காபிக் கடைகளில் 30 நாள் எண்ணிப் பார்த்து, 25,211 தேனீக்கள் செத்ததாக 2011இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. கடைக்கு நாளொன்றுக்கு 168! மூடி போட்ட குப்பைத்தொட்டி வைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பேசுங்கள்.

கேள்வி: நீல நிறத்தில் தேன் உண்டா?

2012இல் பிரான்சின் ரிபோவில்லே ஊரில் நீலமும் பச்சையுமாக வந்தது. கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் பக்கத்து ஆலைக்கு வந்த வண்ண மிட்டாய்க் கழிவைத் தேனீ எடுத்திருக்கிறது. விற்க முடியவில்லை, பாவம்.

கேள்வி: ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லையாமே. அப்போது போலியா?

பூவிலிருந்து இல்லை என்பது சரி. போலி என்பது தப்பு. இலை உதிர்ந்து புதுத் துளிர் வரும்போது, மூன்று சிற்றிலையும் காம்பில் சேரும் இடத்தில் பாருங்கள்: துளித்துளியாக மினுங்கும். விரலால் தொட்டு நக்கினால் இனிக்கும். எங்கள் பக்கத்துப் பெட்டிகளை நிரப்புவதே அதுதான்.