டியூட்டி, கல்லூரி, நீட்: எதைக் குறைப்பது?

மேடம்,

தங்கச்சிமடத்துப் பையன் நான். ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். அங்கேயே தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில் உதவியாளர் வேலை. வாரம் நாலு இரவு, மாலை 6 முதல் காலை 6 வரை. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மே மாதம் நீட் எழுத வேண்டும். வகுப்பில் தூங்கி வழிகிறேன், படித்தது மண்டையில் நிற்பதில்லை. மூன்று வாரம் முன்பு, டியூட்டி ஏறியதுமே அரியமான் கடலில் மூழ்கிய சிறுவனைத் தூக்கி வந்தோம். பிழைக்கவில்லை. நுரையீரல் பாடத்தைத் திறந்தாலே அவன் வாயில் வந்த நுரைதான் தெரிகிறது. வேலையை விட்டால் வீடு திண்டாடும். இந்த அனுபவம் டாக்டர் படிப்புக்கு உதவும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்ய?

அன்புத் தம்பி,

நீட் தரவரிசையில் ஆம்புலன்ஸ் அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. 720-க்கு எடுப்பதுதான் கணக்கு, நேர்காணலும் இல்லை. ஆகவே எத்தனை இரவு என்பதை வீட்டுச் செலவை வைத்து மட்டும் முடிவுசெய்யுங்கள். (6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.)

நீட் தொடங்குவது பிற்பகல் 2 மணிக்கு. இரவு டியூட்டி பார்ப்பவரின் உடம்பு பாயைத் தேடும் நேரம் அது. உடல் கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். அதனால் கடைசி மூன்று வாரம் இரவு டியூட்டியே கூடாது. சிக்கல் என்னவென்றால், ஏறக்குறைய அதே சமயம், ஏப்ரல் 15-ல், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். படகு கரையில் நிற்க, வீட்டில் காசு முடையாக இருக்க, 'இன்னும் ரெண்டு நைட் சேர்த்துப் பார்க்கலாமே' என்று தோன்றும். பரீட்சை கைநழுவுவது அங்கேதான். ஜனவரிச் சம்பளத்திலிருந்தே அந்த மூன்று வாரத்துக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அரசு நிவாரணம் எப்போது கைக்கு வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அதுவரை இரவுகளைச் சிதறவிடாமல் வெள்ளி, சனி என்று சேர்த்துக் கேளுங்கள். டியூட்டிக்கு முன் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். நள்ளிரவுக்குப் பிறகு டீ வேண்டாம். கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். விடிந்ததும் பைக்கில் பாம்பன் பாலம் ஏறாமல் பஸ் பிடியுங்கள். புதுப் பாடத்தைத் தூங்கி எழுந்த பிறகே தொடுங்கள். வண்டியில் காத்திருக்கும்போது உயிரியல் பழைய வினாக்கள் போதும், அதற்கே 360 மதிப்பெண். இயற்பியல் கணக்கு பாதியில் அழைப்பு வந்தால் அறுந்துபோகும்.

அந்தச் சிறுவன் விஷயம். மூழ்கியவர் வாயில் நுரை வருவது இயல்பு. நுரையீரலில் நீரும் காற்றும் கலப்பதால் வருவது. உங்கள் கை செய்த பிழை அல்ல. முதல் சில வாரங்கள் இப்படிக் காட்சி வந்து போவதும் சகஜம். அன்று கூட இருந்த டிரைவர் அண்ணனிடம் நடந்ததை வரிசையாக ஒருமுறை பேசுங்கள். பாடத்தைத் தவிர்க்காமல் தினம் ஐந்து நிமிடம் திறந்து, மெல்லக் கூட்டுங்கள். ஒரு மாதம் தாண்டியும் காட்சி வந்தால், தூக்கம் கெட்டால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

ஏப்ரல் விடுப்பை மேற்பார்வையாளரிடம் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாற்றாள் தேட அவருக்கும் அவகாசம் வேண்டும்.